டிரீம் தியேட்டரை எந்த வரிசையில் கேட்பது: புதிதாக நுழைபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

அமெரிக்க மெட்டல் இசைக்குழுவான டிரீம் தியேட்டர் 1989 முதல் 2025 வரை வெளியிட்ட ஸ்டுடியோ ஆல்பங்கள் 16. நடுவில் 1995-இல் வந்த ஒரு இ.பி. (முழு ஆல்பமாகக் கணக்கில் வராத வெளியீடு) தனிக்கணக்கு. நிறுத்தாமல் ஓடவிட்டால் கிட்டத்தட்ட 20 மணி நேரம். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் கிட்டாரும் கீபோர்டும் டிரம்ஸும் படிக்கிற பிள்ளைகள், யாரோ சொல்லிக் கேட்டு இதற்குள் இறங்குகிறார்கள். பெரும்பாலானவர்கள் ஒரு வாரத்துக்குள் பாதியில் விட்டுக் கரையேறிவிடுகிறார்கள்.

காரணம் காது அல்ல, வரிசைதான். சிலர் "முதல்லேருந்து கேப்போம்" என்று 1989 ஆல்பத்தைப் போடுகிறார்கள். மற்றவர்கள் செயலி காட்டும் பிரபலமான பத்துப் பாட்டை, அதுவும் வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிளில் போடுகிறார்கள். இரண்டும் இந்த இசைக்குழுவுக்குச் சரிப்பட்டு வராது. இங்கே ஒரு பாட்டில் வந்த மெட்டு ஏழு வருடம் கழித்து வேறொரு பாட்டில் தலைகாட்டும். ஒரு ஆல்பம் முடிந்த ஒலியிலேயே அடுத்த ஆல்பம் தொடங்கும். முன்னதைக் கேட்காதவருக்குப் பின்னது வெறும் நீளமான பாட்டு.

கீழே உள்ளது நான் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வரிசை. ஒரு படி பிடிபடாமல் அடுத்ததற்குத் தாவ வேண்டாம்.

1. முதலில் செயலியைச் சரிசெய்யுங்கள்

பாட்டைத் தொடுவதற்கு முன் இது முடிந்திருக்க வேண்டும். ஷஃபிளை அணையுங்கள். ஒரு பாட்டின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் கலந்து ஒலிக்கச் செய்யும் க்ராஸ்ஃபேடையும் அணையுங்கள். ஆல்பம் முடிந்ததும் செயலி தானாக வேறு எதையாவது போடுமே, அந்த ஆட்டோப்ளேயும் வேண்டாம். இடைவெளியில்லாமல் ஓடும் கேப்லெஸ் வசதி இருந்தால் அதை மட்டும் போட்டுவையுங்கள். இவர்களின் பல பாட்டுகள் ஒன்றிலிருந்து ஒன்று வழுக்கிக்கொண்டு போகும். நடுவில் அரை நொடி வெட்டு விழுந்தாலும் கையில் முள் குத்தின மாதிரி இருக்கும்.

இலவசக் கணக்கில், நினைத்த பாட்டை நினைத்த வரிசையில் கேட்க விடாத செயலிகள் உண்டு. அப்படி இருந்தால் ஒரு மாதம் மட்டும் காசு கட்டுங்கள், இல்லையென்றால் தெரிந்தவரிடம் இருக்கும் சிடியை வாங்கிக் கேளுங்கள். 24 நிமிடப் பாட்டுக்கு நடுவே பாத்திரம் துலக்கும் சோப்பு விளம்பரம் வந்தால் அதுவரை கேட்டதெல்லாம் வீண்.

ஆல்பங்களை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பேச்சிப்பாறைக்கு மேலே போனால் சிக்னல் வரும், போகும். மழைக்காலத்தில் கரண்ட் போனால் வைஃபையும் போச்சு.

தேடும்போது மூன்று குழப்பங்கள் வரும். 2013 ஆல்பத்தின் பெயரும் 'டிரீம் தியேட்டர்'தான். குழுவின் பெயரைத் தட்டியதும் அது முன்னால் வந்து நிற்கும், முதல் ஆல்பம் என்று நினைத்துவிடாதீர்கள். 'மெட்ரோபொலிஸ் பார்ட் 2' என்ற ஆல்பத்தைப் பார்த்துவிட்டு பார்ட் 1 என்று இன்னொரு ஆல்பத்தைத் தேடுபவர்கள் உண்டு. பார்ட் 1 ஆல்பம் அல்ல, ஒரு பாட்டு. மூன்றாவதுதான் பெரிய தொல்லை: 2021 முதல் 'லாஸ்ட் நாட் ஃபர்காட்டன் ஆர்கைவ்ஸ்' என்ற வரிசையில் டெமோ எனப்படும் பழைய முன்னோட்டப் பதிவுகளும் மேடைப் பதிவுகளும் நிறைய வந்திருக்கின்றன. குழுவின் பக்கத்தைத் திறந்தால் அவைதான் கண்ணில் படும். டெமோவைக் கேட்டுவிட்டு "ரெக்கார்டிங் மோசமா இருக்கு மாஸ்டர்" என்று ஒரு பையன் வந்து நின்றான். அந்த வரிசையில் எதையும் இப்போது தொடாதீர்கள்.

2. எதில், எங்கே கேட்பது

ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டால் ஜான் மயங்கின் பேஸ் கிட்டார் காணாமலே போய்விடும். அது போய்விட்டால் பாட்டில் பாதி போன மாதிரி. விலை உயர்ந்த ஹெட்ஃபோன் தேவையில்லை, சாதாரண வயர் இயர்ஃபோன் போதும். சோதிக்க ஒரு வழி: 'மெட்ரோபொலிஸ் பார்ட் 1' பாட்டின் நடுவில், வாத்தியங்கள் மட்டும் பாயும் பகுதியில், பேஸ் தனியாக ஒரு துண்டு வாசிக்கும். இரண்டு கை விரல்களாலும் தந்தியைத் தட்டி வாசிப்பது. அந்தச் சுரங்கள் தனித்தனியாகக் கேட்டால் உங்கள் இயர்ஃபோன் தேறிவிட்டது. மொத்தமாகக் கும்மென்று கேட்டால் மாற்றுங்கள்.

இடம் முக்கியம். வடசேரியில் ஏறித் திருவனந்தபுரம் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு 'ஆக்டவேரியம்' பாட்டைப் போட்டால், தக்கலை தாண்டுவதற்குள் "ஒண்ணுமே நடக்கல" என்று மாற்றிவிடுவீர்கள். அதன் முதல் சில நிமிடங்கள் மிக மெல்லியவை. ஏர் ஹாரனுக்கும் ஜன்னல் காற்றுக்கும் நடுவில் அது காதுக்கு எட்டாது. பஸ்ஸுக்கு ஏற்றது 'ட்ரெயின் ஆஃப் தாட்' ஆல்பம். தொடக்கம் முதல் முடிவு வரை கிட்டத்தட்ட ஒரே கனத்தில் அடிக்கும். மற்றதெல்லாம் இரவு, வீட்டில், சாப்பாட்டுக்குப் பிறகு. பைக் ஓட்டும்போது காதில் எதுவும் வேண்டாம், இதைச் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தம்.

வீட்டில் "என்ன இது, சாத்தான் பாட்டா" என்று கேட்பார்கள். இவர்கள் உறுமிப் பாடுகிற வகை அல்ல என்று சொல்லிவிடுங்கள். ஜேம்ஸ் லாப்ரி தெளிவான உச்சக்குரலில்தான் பாடுவார். விதிவிலக்காக ஓரிரு இடத்தில் டிரம்மர் மைக் போர்ட்னாய் உறுமுவார். 2009 ஆல்பத்தின் முதல் பாட்டில் ஒரு பகுதி அப்படி. அதைக் கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள்.

3. ஐந்தும் ஏழும் எண்ணப் பழகுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. பாட்டு "தாளம் தப்புகிறது" என்பார்கள். தப்பவில்லை, சுற்றுக்கு நான்கு எண்ணிக்கைக்குப் பதில் ஏழில் போகிறது. நம் சர்ச் கொயரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு 4/4, 3/4, 6/8 தவிர வேறு பழக்கமில்லை. சினிமாப் பாட்டிலும் பெரும்பாலும் அதுதான். ஆனால் கர்நாடக சங்கீதம் கொஞ்சம் கற்றவருக்கு இது புதிதே அல்ல. மிஸ்ர சாபு தாளம் ஏழு, கண்ட சாபு தாளம் ஐந்து.

மேற்கத்திய முறையில் ஒன்று, இரண்டு என்று எண்ணினால் வேகத்தில் நாக்கு சிக்கும். சொல்லால் எண்ணுங்கள். ஐந்துக்கு 'தக தகிட'. ஏழுக்கு 'தகிட தகதிமி'. ஒவ்வொரு தொகுப்பின் முதல் எழுத்துக்கும் தொடையில் ஒரு தட்டு. அதாவது ஏழில் இரண்டு தட்டு வரும், ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. உடம்பு பிடித்துக்கொள்வது அந்தக் குட்டை நெட்டையைத்தான், எண்ணிக்கையை அல்ல. பாட்டு எதுவும் போடாமல், நடந்துகொண்டே இதைச் சொல்லிப் பழகுங்கள். யோசிக்காமல் வாயில் வரும்வரை விடாதீர்கள்.

பிறகு பாட்டுக்கு வாருங்கள். 2005-இல் வந்த 'பேனிக் அட்டாக்' தொடக்கத்தில் பேஸ் தனியாக ஓடும், ஐந்தின் கணக்கு. அதன்மேல் 'தக தகிட' சொல்லிப் பாருங்கள், வேகம் அதிகம். அது பழகியதும் 1992-இன் 'லேர்னிங் டு லிவ்' தொடக்கம். 15-ம் 14-ம் மாறி மாறி வரும். பயப்பட ஒன்றுமில்லை. ஒரு ஏழோடு ஓர் எட்டைச் சேர்த்தால் 15, இரண்டு ஏழு வைத்தால் 14. 'தகிட தகதிமி தகதிமி தகஜணு', அடுத்த சுற்றில் 'தகிட தகதிமி தகிட தகதிமி'.

மார்த்தாண்டத்தில் டிரம்ஸ் படிக்கிற பெண் ஒருத்தி, முழங்காலில் பென்சிலால் தட்டிக்கொண்டே இதைச் சொன்னாள். முதல் சில சுற்றுகளில் பதினைந்தின் முடிவில் ஒரு தட்டு முன்னால் போய்விடும், சிரித்துவிட்டு மறுபடி தொடங்குவாள். பிறகு ஒரு சுற்றில் பென்சிலும் பாட்டில் வரும் ஸ்னேர் டிரம்மும் ஒன்றாக விழுந்தன. அவள் தட்டுவதை நிறுத்திவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினாள். அதுதான் வேண்டும். எண்ணுவது நின்று ஆடுவது தொடங்கிவிட்டால் இந்தப் படி முடிந்தது.

எல்லாப் பாட்டையும் எண்ணிக்கொண்டே கேட்க வேண்டாம். இரண்டு மூன்றை எண்ணினால் போதும், மீதியைக் காது தானே பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு மாற்றத்தையும் தாளில் குறித்துக்கொண்டு கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கணக்குப் பரீட்சை எழுதுகிற முகம் வந்துவிடுகிறது.

4. முதல் பாட்டை உங்கள் வாத்தியத்தை வைத்துத் தேர்ந்தெடுங்கள்

எல்லாரும் ஒரே பாட்டில் தொடங்க வேண்டியதில்லை. ஆனால் எந்தப் பாட்டானாலும் 1992-இன் 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' ஆல்பத்துக்குள் இருக்கட்டும். அப்போதுதான் அடுத்த படிக்குத் தடங்கலில்லாமல் போகலாம்.

கிட்டார் வாசிப்பவர்: 'புல் மீ அண்டர்'. எட்டு நிமிடம். பாடகர் வாய் திறக்கவே ஒன்றரை நிமிடத்துக்கு மேலாகும், பொறுங்கள். முடிவில் பாட்டு சட்டென்று, கத்தியால் வெட்டினாற்போல் நின்றுவிடும். "மாஸ்டர், ஃபைல் பாதியிலேயே நின்னுட்டு" என்று இதைக் கேட்ட பலர் சொல்வார்கள். அது அப்படித்தான் முடியும். மறுபடி இறக்க வேண்டாம்.

கீபோர்டு வாசிப்பவர், கொயரில் பாடுபவர்: 'சரவுண்டட்'. பியானோவில் மெதுவாகத் தொடங்கி வளரும். அது பிடித்தால் சாக்ஸபோன் வரும் 'அனதர் டே'.

டிரம்ஸ்: நேராக 'மெட்ரோபொலிஸ் பார்ட் 1'.

கொயர் பிள்ளைகளிடம் யாராவது 'தி ஸ்பிரிட் கேரிஸ் ஆன்' பாட்டைத்தான் முதலில் கொடுத்திருப்பார்கள். நல்ல பாட்டு, பின்பாட்டுக்குழு சேர்ந்து எழும் இடம் உண்டு, உடனே பிடித்துவிடும். அதனால்தான் கொடுக்காதீர்கள் என்கிறேன். அது ஒரு கதையின் கடைசிக்கு முந்தைய பாட்டு. அதை மட்டும் கேட்டுப் பழகியவர், இந்தக் குழு மெல்லிசைக் குழு என்று நினைத்து அடுத்ததைப் போட்டு ஓடிவிடுகிறார். பின்னால் கதையோடு கேட்கும்போது அந்த இடம் அவருக்குப் பழைய பாட்டாகிவிடுகிறது. இரட்டை நஷ்டம்.

5. 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' ஆல்பத்தை முழுசாகக் கேளுங்கள்

எட்டுப் பாட்டு, 57 நிமிடம். இதை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், இங்கே ஒவ்வொரு பாட்டிலும் திரும்பப் பாடக்கூடிய ஒரு மெட்டு இருக்கிறது. சிக்கலான பகுதி வந்தாலும் அந்த மெட்டுக்குத் திரும்பிவிடலாம். பின்னால் வந்த ஆல்பங்கள் சில இந்தச் சலுகையைத் தராது.

முதல் தடவை பாடல் வரிகளைப் பார்க்காமல் கேளுங்கள். இரண்டாம் தடவை வரிகளோடு. வரியை முதலிலேயே கையில் எடுத்தால் கண் முன்னால் ஓடிவிடும், வாத்தியம் மட்டும் வரும் நீண்ட பகுதிகளில் "எப்போ பாடுவான்" என்று காத்திருப்பீர்கள்.

காதில் உறுத்தக்கூடியது ஒன்று: ஸ்னேர் டிரம்மின் ஒலி. ஒவ்வோர் அடியும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே மாதிரி இருக்கும். அந்தக் காலத்து ட்ரிகர் ஒலி, அதாவது ஒவ்வோர் அடிக்கும் முன்பே பதிந்த ஒலியை ஒலிக்கச் செய்யும் உத்தி. இரண்டாவது தடவை கேட்கும்போது மறந்துவிடும்.

கடைசி இரண்டு பாட்டை ஒன்றாக வைத்துக் கேளுங்கள். 'வெயிட் ஃபார் ஸ்லீப்' இரண்டரை நிமிடம்தான், பியானோவும் குரலும். அதன் பியானோ மெட்டு அடுத்து வரும் 'லேர்னிங் டு லிவ்' பாட்டுக்குள் ஓரிடத்தில் திரும்ப வரும். எங்கே என்று நான் சொல்லப்போவதில்லை. அதை நீங்களே பிடித்துவிட்டால் அடுத்த படிக்குத் தயார். பிடிபடவில்லை என்றால் 'வெயிட் ஃபார் ஸ்லீப்' மட்டும் மறுபடி கேட்டு, கீபோர்டில் தடவிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

6. பார்ட் 1-லிருந்து பார்ட் 2-க்கு

1999-இன் 'மெட்ரோபொலிஸ் பார்ட் 2: சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி' 77 நிமிடக் கதை. இதைப் போடுவதற்கு முந்தின நாள் 'மெட்ரோபொலிஸ் பார்ட் 1' பாட்டை வரிகளோடு இரண்டு தடவை கேளுங்கள். அதில் வரும் வரிகளும், ரிஃப் எனப்படும் திரும்பத் திரும்ப வரும் வாத்தியத் துணுக்குகளும் பார்ட் 2 முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. இரண்டாவது பாட்டான 'ஓவர்ச்சர் 1928'-லேயே அடையாளம் தெரிந்துவிடும். அந்த ஓர் அடையாளம்தான் உங்களைக் கடைசி வரை இழுத்துக்கொண்டு போகும். இந்த முன்வேலை இல்லாமல் கேட்டவர்கள் ஐந்தாம் பாட்டைத் தாண்டுவதில்லை.

கதை இவ்வளவு தெரிந்தால் போதும்: நிக்கலஸ் என்பவர் ஹிப்னாடிஸ மருத்துவரிடம் போகிறார். 1928-இல் கொலையான விக்டோரியா என்ற பெண்ணின் வாழ்க்கை அவர் நினைவில் எழுகிறது. பார்ட் 1-இன் முழுப்பெயரில் வரும் 'மிரக்கிள்', 'ஸ்லீப்பர்' இரண்டும் இந்தக் கதையில் ஆட்களாகிவிடுகின்றன. முடிவை எங்கேயும் படிக்காதீர்கள். எல்லாப் பாத்திரத்துக்கும் பாடுவது லாப்ரி ஒருவரே என்பதால், யார் பேசுகிறார்கள் என்ற குழப்பம் வரும். பாடல் வரித்தாளில் பெயர் போட்டிருக்கும். இந்த ஆல்பத்துக்கு மட்டும் முதல் தடவையே வரிகளோடு கேளுங்கள். மறுபிறவி, கொலை எல்லாம் வருகிற கதை என்பதால் வீட்டில் விளக்கம் கேட்டால் நாடகம் என்று சொல்லுங்கள், அதுதான் உண்மை.

நடுவில் 'தி டான்ஸ் ஆஃப் எடர்னிட்டி' வரும். ஆறு நிமிடச் சொச்சம், குரலே கிடையாது, தாளம் நூறு தடவைக்கு மேல் மாறும். இதைத்தான் கைபேசியில் ஒருவருக்கொருவர் அனுப்பி "எண்ணு பாப்போம்" என்று சவால் விடுகிறார்கள். தனியாகக் கேட்டால் அது வித்தை காட்டும் பாட்டு. ஆல்பத்துக்குள் கேட்டால் அதில் பார்ட் 1-இன் துண்டுகள் கலைத்துப் போட்டுக் கிடப்பது தெரியும். திடீரென்று பழங்கால மதுக்கடைப் பியானோ மாதிரி ஒரு துண்டு வந்து போகும், அங்கே சிரித்தால் சரியாகக் கேட்கிறீர்கள்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் இரைச்சல் ஒன்று மிஞ்சும். அணைத்துவிடாதீர்கள். அந்த இரைச்சல்தான் அடுத்த படி.

7. 1999 முதல் 2005 வரை தொட்டுத் தொட்டுப் போகும் நான்கு ஆல்பங்கள்

இந்த ஆறு வருடத்தில் மட்டும் கால வரிசையை மாற்றவே கூடாது. 1999 ஆல்பம் முடியும் இரைச்சலில் 2002-இன் 'சிக்ஸ் டிகிரீஸ் ஆஃப் இன்னர் டர்புலன்ஸ்' தொடங்குகிறது. அது முடியும் நீண்ட ஒலியில் 2003-இன் 'ட்ரெயின் ஆஃப் தாட்' தொடங்குகிறது. அது ஒரு பியானோ சுரத்தில் முடிய, 2005-இன் 'ஆக்டவேரியம்' அதே சுரத்தில் எழுகிறது. 'ஆக்டவேரியம்' முடியும் இடம் அதன் தொடக்கத்திலேயே போய்ச் சேர்கிறது.

நம்பிக்கை வராவிட்டால் ஐந்து நிமிடச் சோதனை செய்யுங்கள். ஒவ்வொரு ஆல்பத்தின் கடைசி நிமிடத்தையும் அடுத்ததன் முதல் நிமிடத்தையும் அடுத்தடுத்து ஓடவிடுங்கள்.

'சிக்ஸ் டிகிரீஸ்' இரட்டை ஆல்பம், 96 நிமிடம். ஒரே இருப்பில் கேட்க முயல்வதுதான் எல்லாரும் செய்யும் தவறு. முதல் வட்டில் ஐந்து பாட்டு, ஒரு நாள். இரண்டாம் வட்டு முழுவதும் எட்டுப் பகுதிகள் கொண்ட ஒரே 42 நிமிடப் படைப்பு, அது இன்னொரு நாள். மனநோயோடு வாழும் ஆறு பேரைப் பற்றியது. செயலிகள் இதை எட்டுத் துண்டாகக் காட்டும், துண்டாக நினைத்துக் கேட்காதீர்கள். 42 நிமிடம் மலைப்பாக இருந்தால் 'சாலிட்டரி ஷெல்' பகுதியை மட்டும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். எளிய மெட்டு, நடுவில் தெரிந்த முகம் ஒன்று காத்திருப்பது நல்லது.

'ட்ரெயின் ஆஃப் தாட்' ஏழு பாட்டு, 69 நிமிடம், கனமான ஆல்பம். மெட்டாலிக்கா மாதிரி மெட்டல் குழுக்களைக் கேட்டு வந்தவர்களுக்கு வீடு மாதிரி. மெல்லிசை எதிர்பார்ப்பவர்களுக்குச் சோதனை. கிட்டார் வேகத்துக்காக மட்டும் இதைத் தூக்கிக் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு நான்கில் இது நான்காவது. ஆனால் கடைசிப் பாட்டான 'இன் தி நேம் ஆஃப் காட்' பற்றி நம்மூர் கொயர்காரர்களுக்கு ஒரு விடுகதை. மதத்தின் பெயரால் நடக்கும் வன்முறை பற்றிய பாட்டு அது. உச்சக்கட்டத்தில் பின்னால், மிக அடங்கி, 'க்ளோரி, க்ளோரி, ஹல்லேலூயா' என்று வரும் பழைய அமெரிக்கப் போர்க்காலப் பாட்டின் மெட்டு ஓடுகிறது. கேட்டுக் கண்டுபிடியுங்கள்.

'ஆக்டவேரியம்' எட்டாவது ஆல்பம், எட்டுப் பாட்டு, எட்டு என்ற எண்ணை வைத்தே கட்டியது. ஒவ்வொரு பாட்டும் முந்தையதற்கு அடுத்த சுரத்தை ஆதாரமாக எடுத்து, கடைசியில் ஒரு எட்டுச் சுரச் சுற்று முடியும். கீபோர்டு படிப்பவர்கள் ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் நிறுத்தி ஆதார சுரத்தைத் தொட்டுப் பாருங்கள். அரை மணி வேலை, ஆனால் பள்ளியில் ஸ்கேல் படித்தது எதற்கென்று அன்று புரியும். ஆல்பத்தின் பெயரையே கொண்ட கடைசிப் பாட்டு 24 நிமிடம். ஏற்கெனவே சொன்னேன், பஸ்ஸில் வேண்டாம்.

8. பன்னிரண்டு படிகள்

மதுப்பழக்கத்திலிருந்து மீண்ட போர்ட்னாய், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் 12 படிகளை ஐந்து பாட்டாக எழுதி, ஐந்து ஆல்பங்களில் ஒவ்வொன்றாக வைத்தார்: 'தி கிளாஸ் பிரிசன்' 2002, 'திஸ் டையிங் சோல்' 2003, 'தி ரூட் ஆஃப் ஆல் ஈவில்' 2005, 'ரிபெண்டன்ஸ்' 2007, 'தி ஷேட்டர்ட் ஃபோர்ட்ரஸ்' 2009.

ஐந்தையும் சேர்த்து ஒரு பட்டியல் போட்டுக் கேட்கக் கை துடிக்கும். மொத்தம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால் முதலில் ஒவ்வொன்றையும் அதனதன் ஆல்பத்தில் கேட்டுவிடுங்கள். ஐந்தாவது பாட்டின் பெரும்பகுதி முந்தைய நான்கின் ரிஃபுகளையும் வரிகளையும் கோத்துக் கட்டியது. அவை பழகாமல் கேட்டால் 'இதில் புதுசா என்ன இருக்கு' என்று தோன்றும், பழகியபின் கேட்டால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஆள் தெரியும். அதனால் 2007-இன் 'சிஸ்டமேட்டிக் கேயாஸ்', 2009-இன் 'பிளாக் கிளவுட்ஸ் அண்ட் சில்வர் லைனிங்ஸ்' இரண்டையும் முடித்தபிறகே இந்தப் பட்டியல்.

'பிளாக் கிளவுட்ஸ்' தேடும்போது கவனம், கூடுதல் வட்டுகள் சேர்ந்த பதிப்பும் உண்டு. உண்மையான ஆல்பம் ஆறே பாட்டு. குரல் இல்லாத பதிவுகளும் மற்றவர்களின் பாட்டுகளும் வந்தால் நீங்கள் எல்லை தாண்டிவிட்டீர்கள்.

9. பின்னோக்கி: தொண்ணூறுகள்

இப்போது 1994-இன் 'அவேக்'. பலர் இதை இரண்டாவதாகக் கேட்கச் சொல்வார்கள். நான் தள்ளி வைப்பதற்குக் காரணம், அது இருண்ட ஆல்பம், உடனே கைகொடுக்காது. காது பழுத்தபின் வந்தால் நிறைய தரும். 'எரோட்டோமேனியா', 'வாய்சஸ்', 'தி சைலன்ட் மேன்' மூன்றும் ஒரே தொகுதி, பிரிக்காதீர்கள். கடைசிப் பாட்டு 'ஸ்பேஸ்-டை வெஸ்ட்' கீபோர்டு வாசித்த கெவின் மூர் எழுதியது, அந்தப் பதிவோடு அவர் விலகிவிட்டார். அதன் மெட்டின் சாயல் அதே ஆல்பத்தில் 'தி மிரர்' பாட்டிலும் இருக்கிறது. ஐந்தாம் படியில் செய்த வேலையை இங்கே துணையில்லாமல் செய்யுங்கள்.

அடுத்து 1995-இன் 'எ சேஞ்ச் ஆஃப் சீசன்ஸ்', 23 நிமிடப் பாட்டு. பிறகு 1997-இன் 'ஃபாலிங் இன்டு இன்ஃபினிட்டி'. அதில் எல்லாம் ஒரே தரமில்லை. 'பெருவியன் ஸ்கைஸ்', 'ஹாலோ இயர்ஸ்', 'ட்ரயல் ஆஃப் டியர்ஸ்' மூன்றும் போதும் என்பது என் கட்சி.

10. 2011-க்குப் பிறகு

போர்ட்னாய் 2010-இல் விலகினார், மைக் மாங்கினி வந்தார், 2023-இல் போர்ட்னாய் திரும்பினார். மாங்கினி வாசித்தவை ஐந்து ஆல்பங்கள். எந்த டிரம்மர் பெரியவர் என்ற சண்டையில் காலை விடாதீர்கள், டீக்கடை மூடும்வரை முடியாது.

2019-இன் 'டிஸ்டன்ஸ் ஓவர் டைம்' முதலில். ஒரு மணி நேரத்துக்குள் முடியும், பாட்டுகளும் இவர்கள் கணக்குக்குக் குட்டை. அடுத்து 2011-இன் 'எ ட்ரமாட்டிக் டர்ன் ஆஃப் ஈவென்ட்ஸ்', அதன்பின் 2021-இன் 'எ வியூ ஃப்ரம் தி டாப் ஆஃப் தி வேர்ல்ட்'. அதன் முதல் பாட்டு 'தி ஏலியன்' 2022-இல் கிராமி விருது வாங்கியது. 2013 ஆல்பத்தை இடையில் எங்கே வேண்டுமானாலும் செருகலாம். 2025-இன் 'பாராசோம்னியா' தூக்கக் கோளாறுகள் பற்றியது. ஒரே மூச்சில் கேட்கக் கட்டியது, ஆகவே துண்டாடாதீர்கள்.

11. கடைசியில் வைக்க வேண்டியவை

2016-இன் 'தி அஸ்டானிஷிங்' 34 பாட்டு, 130 நிமிடம். 2285-ஆம் ஆண்டில், இசையை இயந்திரங்கள் மட்டும் உண்டாக்கும் ஒரு பேரரசில் நடக்கும் கதை. மெட்டலைவிட மேடை நாடகப் பாட்டுக்கு நெருக்கம். முதல் பாதி ஒரு நாள், இரண்டாம் பாதி மறுநாள். பாத்திரங்களின் பெயர்களைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் குற்ற உணர்ச்சி வேண்டாம், தீவிர ரசிகர்களே இதில் இரண்டு கட்சி.

1989-இன் 'வென் ட்ரீம் அண்ட் டே யுனைட்' இதற்கும் பின்னால். பாடகர் சார்லி டொமினிசி, வேறு குரல். பதிவின் ஒலியும் மெலிந்தது. ஆனால் மற்றதெல்லாம் தெரிந்தபின் கேட்டால், குழுவின் கிட்டார்காரர் ஜான் பெட்ரூச்சியின் வாசிப்பு எங்கிருந்து வந்தது என்று காட்டிக் கொடுக்கும்.

பிறகு மேடைப் பதிவுகளில் ஒன்று போதும்: 2006-இல் நியூயார்க் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் பதிவான 'ஸ்கோர்'. 'சிக்ஸ் டிகிரீஸ்' ஆல்பத்தின் 42 நிமிடப் படைப்பையும் 'ஆக்டவேரியம்' பாட்டையும் ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசித்திருக்கிறார்கள். மேடையில் லாப்ரியின் குரல் ஸ்டுடியோவில் கேட்டது மாதிரியே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். 1994 இறுதியில் உணவு நஞ்சாகி வாந்தியெடுத்ததில் அவர் குரல்நாண் கிழிந்தது, அதற்குப் பிந்திய மேடைப் பதிவுகளைக் கேட்கும்போது அதை மனதில் வையுங்கள்.

இன்னும் பசி இருந்தால் 'லிக்விட் டென்ஷன் எக்ஸ்பெரிமென்ட்'. பெட்ரூச்சி, போர்ட்னாய், கீபோர்டு ஜோர்டன் ருடெஸ், பேஸ் டோனி லெவின் நால்வரும் சேர்ந்து 1998, 1999, 2021 ஆண்டுகளில் போட்ட மூன்று ஆல்பங்கள், பாட்டில் வார்த்தையே இல்லை. ருடெஸ் டிரீம் தியேட்டருக்குள் வந்தது இதன் முதல் ஆல்பத்துக்குப் பிறகுதான். 1998 ஆல்பத்தைப் போட்டுவிட்டு, உடனே 'சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி'யை மறுபடி ஒருமுறை போடுங்கள், இந்தத் தடவை கீபோர்டை மட்டும் பின்தொடர்ந்து.